சில்வர் ஓக்குக்கு விசா கொடுத்தது யார்?

"மாமா, பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர்.னு போட்டிருக்காங்க. அது மகாபலிபுரம் போற ரோடுதானுங்களே?"

மஞ்சக்குட்டையிலிருந்து என் அக்கா மகன் போனில் கேட்டபோது ஆபீஸில் சாப்பாட்டு நேரம். தயிர்சாதம் புரையேறச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் உறைத்தது. இவனுக்கு எதற்குப் பாஸ்போர்ட்?

"தாய்லாந்து போறேன் மாமா. டேட்டா என்ட்ரி வேலை. மாசம் எண்பதாயிரம். சாப்பாடு, ரூம் எல்லாம் கம்பெனியே குடுக்குதாம். எக்ஸ்பீரியன்ஸே வேணாமாங்க."

"உனக்கு டைப் அடிக்கத் தெரியுமாடா?"

"ஒரு விரல்ல அடிப்பேனுங்க. ஆனா ஸ்பீடா அடிப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே மலையேறினேன்.

ஏற்காடு என்றால் உங்களுக்கு ஏரி, படகு, லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதி வழியில் வாந்தி எடுத்து, மேலே போய் போட்டோ எடுத்து, சாயங்காலம் இறங்கிவிடுவீர்கள். மஞ்சக்குட்டை அதே ஏற்காடு ஒன்றியத்தில்தான் இருக்கிறது, ஆனால் பஜ்ஜி வாசனை அங்கே எட்டாது. காப்பிச் செடி, செடிக்கு நிழலாக சில்வர் ஓக் மரம், மரத்தைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி. அக்காவுக்கு முக்கால் ஏக்கர். அதில் வருகிற காப்பியும் மிளகும், மீதி நாளில் எஸ்டேட் கூலியும். அவ்வளவுதான் குடும்பத்தின் பட்ஜெட்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை சில்வர் ஓக்கின் மேல் நாற்பது அடி உயரத்தில் இருந்தான். ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, அதன் கணுவில் பெருவிரலை ஊன்றி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மிளகு பறித்தான். இன்னொரு கையால் மரத்தைப் பிடித்திருந்தானா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கையில் செல்போன்! கீழே நின்ற எனக்குத்தான் தலை சுற்றியது.

அக்கா பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டே கணக்குச் சொன்னாள். அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டரை லட்சம் தர வேண்டும். இந்த வருஷ மிளகை மொத்தமாக வியாபாரியிடம் பேசியாயிற்று. மீதிக்கு நகை.

நகை என்று சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று சொல்ல 1995-க்குப் போக வேண்டும்.

1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. உலகம் முழுக்கக் காப்பி விலை ஏறியது. எங்கோ ஒரு பிரேசில்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்ததால் மஞ்சக்குட்டையில் எங்கள் அப்பா கையில் முதல் தடவையாக நாலு காசு நின்றது. கையில் காசு நின்றால் மகனுக்கு மூளை நிற்காது. நான் அப்போது பி.ஏ. ஹிஸ்டரி, டைப்ரைட்டிங் லோயர். பேப்பரில் விளம்பரம்: துபாயில் ஸ்டோர் அசிஸ்டென்ட், முன் அனுபவம் தேவையில்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ் ரூமில் இன்டர்வியூ. சபாரி சூட் போட்ட மனிதர் கேட்டார்: "என்ன தெரியும்?" "ஹிஸ்டரி சார்." "வெரிகுட். வேற?" "டைப்பிங் லோயர்." "எக்ஸலன்ட்! ஃப்ரீ விசாவே போட்டுடலாம்." ஃப்ரீ விசா என்றால் இலவசம் என்று நினைத்தேன். அதற்கு விலை முப்பத்தைந்தாயிரம்! பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒரு அரபி பெயருக்கு ஸ்பான்சர் என்று கையெழுத்துப் போடுவார், வேலையை நாமே தெருத்தெருவாகத் தேடிக்கொள்ள வேண்டும், மாட்டினால் நம் பாடு. இதற்குத்தான் வளைகுடாவில் ஃப்ரீ விசா என்று பெயர். அந்த ஃப்ரீ விசாவும் எனக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். கிளம்பச் சொன்ன தேதியில் சூட்கேஸோடும் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயோடும் லாட்ஜுக்குப் போனால், ரூம் பாய் "காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க சார்" என்றான். வராந்தாவில் எனக்கு முன்பே பதினான்கு பேர் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் ஊறுகாய் வாசனை பிடித்து, "எலுமிச்சையா?" என்று கேட்டார். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் பட்டதாரிகளின் பாஸ்போர்ட்டில் 'எமிக்ரேஷன் செக் தேவையில்லை' என்று போடுவார்கள். எனக்கும் போட்டிருந்தார்கள். யாராவது ஒருத்தர் செக் பண்ணியிருக்கலாம்.

அப்பாவிடம் 'விசா ரிஜெக்ட்' என்று சொல்லிவிட்டேன். காப்பிப் பணம் போதாமல் அக்காவின் இரண்டு பவுன் செயினையும் அடகு வைத்திருந்தோம். அது மூழ்கிப்போனது. இத்தனை வருஷத்தில் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. மிளகைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை இறங்கி வந்தான். ஏஜென்ட் அனுப்பிய பேப்பர்களைக் காட்டச் சொன்னேன். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் போட்டோ. 'காங்கிராட்ஸ் ப்ரோ' என்று ஒரு மெசேஜ். பணம் வாங்கியதற்கு அத்தாட்சியாகத் துண்டுச் சீட்டில் 'ரூ.25,000 பெற்றேன்', கீழே ஒரு கிறுக்கல்.

"விசா எங்கடா?"

"தாய்லாந்துக்கு விசாவே வேணாமாங்க மாமா! டிக்கெட் இருந்தா போதும், நேரா உள்ள விட்ருவாங்களாம்."

இதுதான் கில்லாடித்தனம். ஏஜென்ட் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. 2023 நவம்பரிலிருந்து தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமலே உள்ளே விட ஆரம்பித்தது. யாரை? டூரிஸ்ட்டை. கோயில் பார்த்து, கடலில் குளித்து, காசு செலவழித்துவிட்டுத் திரும்பி வருகிறவனை. வேலை செய்ய அதற்கென்று தனி விசா, தனி பர்மிட் வேண்டும். டூரிஸ்ட்டாக இறங்கி டேட்டா என்ட்ரி செய்தால் அன்றைக்கே சட்டவிரோதி.

அடுத்தது அந்த மகாபலிபுரம் ரோடு. 'எமிக்ரேஷன் செக் ரெக்கொயர்டு' என்பதுதான் ஈ.சி.ஆர். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும். (மாப்பிள்ளை கணக்கில் 29.) சவூதி, குவைத், மலேசியா என்று 18 நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. 1983-ல் வந்த எமிக்ரேஷன் சட்டப்படி, இந்த பாஸ்போர்ட்டோடு அங்கெல்லாம் வேலைக்குப் போகிறவர் முதலில் 'புரொடக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்' என்ற அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார், சம்பளத்தைப் பார்ப்பார். பத்து லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் எடுத்தாக வேண்டும். தாய்லாந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. டூரிஸ்ட் என்று சொல்லிப் போனால் அதிகாரியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. நம் பையன்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் அவமான முத்திரை மாதிரி இருக்கிறது. எனக்கு என்னமோ அது, இருட்டில் போகிற பிள்ளையின் கையில் அம்மா கொடுத்தனுப்பும் டார்ச் மாதிரி தெரிகிறது.

2022-ல் நடந்ததைச் சொன்னேன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்தார்கள். வேலை என்ன? நாள் முழுக்க உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் இன்டர்நெட்டில் நைசாகப் பேசிப் பணம் கறப்பது. முடியாது என்றால் அடி, ஷாக். அந்த வருஷம் அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை ஏர்போர்ட்டில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் மாட்டினார்கள். ஒரு விரலில் டைப் அடிப்பவனுக்கு எண்பதாயிரம் கொடுக்கிற கம்பெனிக்கு அந்த விரல் வேறு எதற்கோ தேவைப்படுகிறது.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அமைதியாகச் சொன்னான்:

"நீங்க போக முடியாம திரும்பி வந்துட்டீங்க. அதுக்காக நானும் போகக் கூடாதுங்களா?"

அக்கா, "டேய்!" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே சொல்வதற்கு? எழுந்து காப்பிச் செடிகளுக்குள் நடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்தான். கோபம் முழுசாக இறங்கவில்லை. "சரி மாமா, நீங்களே சொல்லுங்க. எனக்கு எந்த நாட்டுல குடுப்பாங்க?" என்றான்.

திங்கட்கிழமை இந்தக் கேள்வியை ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். நம் நாட்டில் விசா பற்றித் தெரியாதவர்கள் விசா கேட்டு நிற்பவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் எக்ஸ்பர்ட். ஹெட்கிளார்க் அமெரிக்காவில் ஆரம்பித்தார். எச்-1பி விசாவுக்குக் குறைந்தபட்சம் டிகிரி வேண்டும், அதுவும் அந்த வேலைக்குப் பொருத்தமான டிகிரி. வருஷத்துக்கு 65,000 பேர், அங்கேயே மேல்படிப்பு முடித்தவர்கள் இன்னொரு 20,000. விண்ணப்பம் குவிவதால் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வேறு அறிவித்தார்கள். சாஃப்ட்வேர் மருமகன் வைத்திருக்கும் அவருக்கே வயிற்றைக் கலக்குகிறது. கணக்கில் 29 வாங்கியவனைப் பற்றிக் கேட்டால் சாம்பாரை ஊற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

இங்கிலாந்து? முதியோரைக் கவனிக்கிற வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலையில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, பொதுவாக டிகிரி மட்டத்துக்குக் கீழே உள்ள பெரும்பாலான வேலைக்கு விசா இல்லை என்று விட்டார்கள். ஜப்பான்? பாஷைப் பரீட்சை. இஸ்ரேல் 2024-ல் நம் ஊரிலிருந்து கட்டட வேலைக்கு ஆள் எடுத்ததே? ஆமாம், ரோத்தக்கிலும் லக்னோவிலும் சுவர் பூசிக் காட்டச் சொல்லி, கம்பி வளைத்துக் காட்டச் சொல்லி, டைல்ஸ் ஒட்டிக் காட்டச் சொல்லித்தான் எடுத்தார்கள். சிங்கப்பூரும் அப்படித்தான். கட்டுமான வேலைக்குப் போக டெஸ்ட் அடிக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே சென்டர் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பையன்களைக் கேட்டால் பைப் ஃபிட்டிங்கா, எலக்ட்ரிக்கலா, எதில் பாஸ் பண்ணினால் எவ்வளவு என்று தூக்கத்தில் சொல்வார்கள். அதற்கும் கோர்ஸ், டெஸ்ட், ஏஜென்ட் என்று லட்சத்தில்தான் பேச்சு.

டைப்பிஸ்ட் அம்மா ஒரு யோசனை சொன்னார். "ஆஸ்திரேலியாவுல பழம் பறிக்கற வேலை இருக்காமே சார். பையன் மிளகு பறிக்கறவன்தானே?" ஆர்வமாக விசாரித்தேன். 2024-ல் இந்தியாவுக்கும் அந்த 'வேலையும் விடுமுறையும்' விசாவைத் திறந்துவிட்டார்கள். வயது 18 முதல் 30. வருஷத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறை. சந்தோஷப்படுவதற்குள் அடுத்த வரி: பள்ளிக்கூடம் முடித்த பிறகு இரண்டு வருஷமாவது மேல்படிப்பு, அதோடு ஆங்கிலம். பழம் பறிக்கக் காலேஜ்!

அடுத்த வாரம் மறுபடி மலையேறி இதையெல்லாம் சொன்னபோது மாப்பிள்ளை சாய்ந்து நின்றிருந்தது எதன் மேல் தெரியுமா? சில்வர் ஓக் மரத்தின் மேல். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா! வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு நிழல் வேண்டும் என்று கப்பலேறி வந்து, நேராக வளரும், மிளகுக் கொடியைத் தாங்கும் என்ற இரண்டே தகுதியில் மலை முழுக்க நிரந்தரக் குடியுரிமை வாங்கிவிட்டது. காப்பி மட்டும் என்ன? எத்தியோப்பியாவில் பிறந்து, ஏமனில் வளர்ந்தது. பாபா புதன் என்ற பெரியவர் ஏழு விதையை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் போட்டார் என்று கதை. அதாவது ஏழு பேர், விசா இல்லை, மறைவாக வந்தார்கள்! எங்கள் மலைக்கு அதைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். 'ஏற்காட்டின் தந்தை' என்று பட்டமே கொடுத்திருக்கிறோம். அவரிடம் யாரும் ஸ்கில் சர்டிபிகேட் கேட்டதாகத் தெரியவில்லை.

மனிதர்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஊர் ஊராக வந்து இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் ஆள் பிடித்தார்கள். படிப்பு கேட்கவில்லை, தொழில் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவன் வந்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போய் அந்தக் கடனிலேயே கட்டிப்போட்டார்கள். 1922-ல் சட்டம் போட்டு முறைப்படுத்தினார்கள். 1938-ல் மலாயாவுக்கும், 1939-ல் இலங்கைக்கும் கூலியாட்கள் போவதை இந்திய அரசே நிறுத்தியது. அன்றைக்கு முன்பணம் கங்காணி கொடுத்தான். இன்றைக்கு நாம் கொடுக்கிறோம்!

"அப்ப எனக்கு ஒரு ஸ்கில்லும் இல்லைங்களா மாமா?" என்றான்.

நான் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தேன். எந்தக் கிளையை வெட்டினால் காப்பிக்கு வெயில் எவ்வளவு விழும் என்று இவனுக்குக் கீழே நின்றே தெரியும். மழை வாசனை வருமுன் பாயைச் சுருட்டிவிடுவான். நாற்பதடி உயரத்தில் கால் விரலில் நிற்பான். விசா ஃபாரத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. அங்கே ஸ்கில் என்றால் சீல் வைத்த பேப்பர். என்னிடம் பேப்பர் இருந்தது, ஒரு வேலையும் தெரியாது. இவனுக்கு வேலை தெரியும், பேப்பர் இல்லை. ஏஜென்ட் எங்கள் இரண்டு பேரையும் ஒரே தராசில்தான் நிறுத்தான்.

அக்கா நகை விஷயத்தில் கையை எடுத்துவிட்டாள். மிளகை வியாபாரிக்கு முடித்ததைத் திரும்பப் பெற முடியவில்லை. ஆனால் அந்தப் பணம் வீட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்கு இறங்கி ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் பழகுகிறான். சிங்கப்பூர் டெஸ்ட் அடிப்பானாம். கூடவே பத்தாவது கணக்கை மறுபடி எழுதப் போகிறான். போகிற ஆசை போகவில்லை. போகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் வரவில்லை.

பாக்கி இருந்தது அந்த இருபத்தைந்தாயிரம். ஆபீஸில் ஒரு பையன் இ-மைகிரேட் என்ற அரசாங்க வெப்சைட்டில் தட்டிப் பார்த்தான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். நம் ஆள் இல்லை. லைசென்ஸ் உள்ளவரேகூட 2017 விதிப்படி முப்பதாயிரமும் வரியும் தவிர மேலே வாங்கக் கூடாதாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சேலம் கலெக்டர் ஆபீஸில் துண்டுச் சீட்டின் ஜெராக்ஸோடு மனு கொடுத்தோம். காக்பர்ன் உட்கார்ந்த பதவி. ரசீது கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏஜென்ட்டிடமும் விடாமல் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. மேஜையில் உலக உருண்டை, சுவரில் பிள்ளையார், அவர் பக்கத்தில் ஏரோப்பிளேன் காலண்டர். "புதன்கிழமை வாங்க, செட்டில் பண்ணிடறேன்" என்றார். புதன் போனோம். "அடுத்த புதன்." இப்படி ஆறு புதன்.

ஏழாவது புதன் ரொம்ப அன்பாக இருந்தார். டீ வரவழைத்தார். மனு கொடுத்த விஷயம் காதுக்குப் போயிருக்கும் போல. மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி மரமெல்லாம் நல்லா ஏறுவாப்லயாமே? வீட்டுல நாலு தென்னை இருக்குதுங்க. காய் முத்திக் கிடக்குது, பறிக்க ஒரு ஆள் கெடைக்கமாட்டேங்குது. இப்பல்லாம் ஸ்கில் உள்ள ஆளே இல்லைங்க சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஏறலாமுங்க. அட்வான்ஸ் இருபத்தஞ்சாயிரம்" என்றான்.